கடை மாமா மாலை போட்ட படம்

போன மாதம் பரிஸ் புறநகரான ஸ்தேனில் ஒரு கலியாண வரவேற்பு. எண்பதுகளில் பரிஸின் லா சப்பல் தெருக்களில் மூக்கொழுகத் திரிந்த எங்கள் கூட்டம் முழுக்க ஒரே மேசையில் குந்தியிருந்தது. எல்லோருக்கும் இப்போது தலைக்குச் சாயம், மூக்கில் வாசிப்புக் கண்ணாடி, கைப்பைக்குள் குளிசைப் பெட்டி. பழங்கதை தொடங்கியது. தொடங்கினால் அந்தப் படத்தின் கதைக்கு வந்துதானே நிற்கும்! ஒருவர் எழும்பி, கடை மாமாவைப் போல நெஞ்சை நிமிர்த்தி, "எங்கட முன்னோர்!" என்று நடித்துக் காட்டினார். மேசை குலுங்கியது. "அந்தாள் சரியான விசரன்," என்றார் பக்கத்தில் இருந்தவர். "நல்ல காலம், அந்த அவமானம் பிடிச்ச படம் துலைஞ்சுது," என்றாள் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்.

எனக்குப் புரியாணி இறங்கவில்லை.

சிரிக்கிறவர்கள் நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்தப் படத்தைக் குப்பையில் கண்டெடுத்தவள் நான். ஐந்து மாடி இழுத்துக்கொண்டு ஏறியவள் நான். அதற்காகக் காது முறுக்கப்பட்டவளும் நான்தான். நீங்கள் யாரும் முழுக் கதையைப் பார்க்கவில்லை. அரைவாசியைக் கேள்விப்பட்டுவிட்டு மிச்சத்தைச் சிரித்து நிரப்புகிறீர்கள். ஆகவே இந்த முறை நான் சொல்கிறேன். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

நாங்கள் அப்போது மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் ஓர் அறையில் இருந்தோம். ஓர் அறை என்றால் ஓர் அறைதான். கழிப்பறை படிக்கட்டுத் திருப்பத்தில், அந்த மாடிக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பொது. அப்பா உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். அம்மா ஒரு தையல்காரருக்கு வீட்டில் இருந்தபடியே பொத்தான் தைத்துக் கொடுத்தார். அறை முழுக்கப் பொத்தான். சோற்றுக்குள்ளும் ஒருநாள் பொத்தான் கடிபட்டது.

அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவருக்கு வாரப் பத்திரிகைப் பைத்தியம். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது மெட்ராஸ் இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்து, அடுக்கி, ஊசி நூலால் தைத்து, மட்டை போட்டு வைத்திருந்தவர். ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்ததாம். ஓடி வந்தபோது அந்தப் பெட்டி அங்கேயே கிடந்துவிட்டது. தாலிக்கொடியை விற்றபோதுகூட அழாத மனுசி, அந்தப் பெட்டியை நினைத்து லா சப்பல் மெத்ரோவில் வைத்து அழுததை நான் கண்டிருக்கிறேன்.

லா சப்பலுக்கும் வாரப் பத்திரிகை வரும். எப்படி வரும்? யாராவது மெட்ராஸிலிருந்து பெட்டிக்குள் உடுப்போடு சுற்றிக் கொண்டு வருவார்கள். வந்து சேரும் இடம் கடை மாமாவின் பலசரக்குக் கடை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விலைக்கு இல்லை, மாற்றுத்தான். பழைய இதழோ, பாட்டுக் கசெற்றோ, ஏதாவது வாசிக்கக் கேட்கக்கூடிய ஒன்றைக் கொடுத்து, புதியதை எடுக்கவேண்டும். யாருக்கு முதல் வாசிப்பு என்பதைக் கடை மாமாதான் தீர்மானிப்பார். எங்கள் முறை வரும்போது இதழில் பல வீட்டுக் குழம்பு பட்டிருக்கும், குறுக்கெழுத்து நிரப்பப்பட்டிருக்கும், தொடர்கதையின் கடைசிப் பக்கத்தை எவனாவது கிழித்திருப்பான். அம்மா அப்படிக் கிழித்தவனை வைத திட்டுகளை நான் இங்கே எழுதவில்லை.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்காரக் கிழவர் செத்துப்போனார். அவருடைய நிலவறைச் சாமான்களைக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற போர்த்துக்கல்காரி அள்ளி நடைபாதையில் வைத்திருந்தாள். கால் உடைந்த கதிரை, துருப்பிடித்த கூடு, கயிறு போட்டுக் கட்டிய தாள்கட்டுகள். நான் பள்ளிக்கூடத்தால் வந்துகொண்டிருந்தேன். மேல் தாளில் ஒரு நிறப்படம்: வானத்தில் பலூன் ஒன்று தீப்பற்றி எரிகிறது, தொப்பி போட்ட மனிதர்கள் அதிலிருந்து தலைகீழாக விழுகிறார்கள். கண்ணை எடுக்க முடியவில்லை. "எடு, எடு, குப்பை வண்டி வரப்போகுது," என்றாள் அந்த மனுசி.

இழுத்துக்கொண்டு மேலே ஏறினால், அம்மா வாசலிலேயே மறித்தார்.

"என்ர மாதாவே! செத்தவையின்ர சாமானை ஆராவது வீட்டுக்கை எடுப்பினமே? கொண்டுபோய்க் கிடந்த இடத்தில போடு!"

"வாரப் பத்திரிகை அம்மா."

"என்னது?"

"வாரா வாரம் வந்த பத்திரிகை. எல்லாம் படம் போட்டது. சரியான பழசு."

அம்மா கையைச் சட்டையில் துடைத்தார். குனிந்து ஒன்றைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். பிறகு உள்ளே போய், மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்த லூர்துத் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டு வந்து, தாள்கட்டுகளின் மேல் தாராளமாகத் தெளித்தார். செத்த கிழவரின் தோஷம் போய்விட்டது. ஏற்கெனவே ஈரமாக இருந்தவை இன்னும் ஈரமாகின.

அவற்றை ஒவ்வொன்றாக விரித்து ஹீற்றரில் காயவைத்தோம். காளானும் கரியும் எலிப் புழுக்கையும் கலந்த ஒரு மணம் அறையில் குடியேறியது. அப்பா ஓய்வுநாளில் பார்த்துவிட்டு, "மனுசர் படுக்க இடமில்லை, பேப்பருக்குக் கட்டில் கேக்குதோ?" என்று கத்தினார். யார் கேட்டார்கள்?

எல்லாம் போன நூற்றாண்டு பிறந்த கையோடு வந்த இதழ்கள். அட்டையிலும் பின்பக்கத்திலும் முழுப்பக்க நிறப்படம். கப்பல் மூழ்கும், சுரங்கம் இடியும், கணவன் மனைவியைக் குத்துவான், சிங்கம் பாதிரியாரைத் தின்னும். தொந்தியும் தாடியுமாக இங்கிலாந்து ராசா ஒருவர் பரிஸ் தெருவில் வண்டியில் போவார். "இது சிலோன் காசில இருந்த ராசாவெல்லே!" என்று அம்மா கண்டுபிடித்துக் குதித்தார். அதன் பிறகு அந்தக் கட்டுகள் அம்மாவின் சொந்தக்காரர் ஆகிவிட்டன.

அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அது ஒரு குறையாகவே அவருக்குப் படவில்லை. பின்னேரங்களில் பொத்தான் தைத்தபடி ஒரு படத்தை எடுத்து வைத்து, தானாக ஒரு கதை கட்டுவார். இந்தக் குத்துகிறவன் உண்மையில் கணவன் இல்லை, கணவனின் இரட்டைத் தம்பி. அந்தப் பலூனில் இருந்தவள் ஆண்வேசம் போட்ட பணக்காரப் பெண். நான் கீழே இருந்த எழுத்தை வாசித்து, "இல்லை அம்மா, இஞ்சை வேறை மாதிரி எழுதிக் கிடக்கு," என்பேன். "அது கிடக்கட்டும். என்ர கதை திறமில்லையோ?" என்பார். திறம்தான். நான் எழுத்தை விட்டுவிட்டு அம்மா பக்கம் சேர்ந்துவிடுவேன்.

அப்படி ஒருநாள் ஒரு பின்னட்டையைத் திருப்பினேன்.

எங்கள் ஆட்கள்! பரிஸ் பூங்கா ஒன்றில் ஓலைக் குடிசைகள். தலைப்பாகை கட்டிய ஆண்கள், ஒருவன் கையில் மத்தளம். குந்தியிருந்து அடுப்பு மூட்டும் பெண்கள். முன்னால் ஒரு பெண், மூக்குத்தியோடு, இடுப்பில் பிள்ளையோடு நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவர்களைச் சுற்றி முழங்கால் உயரத்தில் தடி வேலி. வேலிக்கு வெளியே இறகு வைத்த தொப்பிகளும் குடைகளுமாக வெள்ளைக்காரக் கூட்டம். முன்வரிசையில் ஒரு கனவான் கையை உயர்த்தியிருக்கிறான்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் எங்களைப் போல ஒரு முகம் வந்ததா? பள்ளிப் புத்தகத்தில் வந்ததா? ஒரு பிரெஞ்சுத் தாளில் என் அம்மாவைப் போல ஒருத்தியை நான் கண்டது அதுதான் முதல் தடவை. நான் சந்தோஷத்தில் கத்தினேன். பிறகு கீழே இருந்த எழுத்தை வாசித்தேன்.

அப்போது என் பிரெஞ்சுக்கு மூன்று வயது. மெதுவாகத்தான் வாசித்தேன், ஆனால் சரியாக வாசித்தேன். இந்தியக் கிராமம் ஒன்றைக் கொண்டுவந்து பூங்காவில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் வேலிக்கு மேலால் காசும் இனிப்பும் எறிந்து மகிழ்கிறார்கள். சிறுவர்களுக்குக் கட்டணம் பாதி.

"இது கோயில் திருவிழா," என்று அம்மா கதையைத் தொடங்கியிருந்தார். "இந்த மனுசி தேர் பாக்க வந்து நிக்கிறா."

"இல்லை அம்மா. ரிக்கற் போட்டுக் காட்டியிருக்கினம். மிருகத்துக்கு எறியிற மாதிரி எறிஞ்சிருக்கினம் எண்டு கிடக்கு."

"அது கிடக்கட்டும். நீ இப்பத்தானே எழுத்துக் கூட்டுறாய், உனக்கென்ன தெரியும்?"

மற்றக் கதைகளில் எல்லாம் அம்மா பக்கம் போன எனக்கு, இதில் போக முடியவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கழற்றி, நான் படுக்கிற மூலைச் சுவரில் குண்டூசி குத்தி மாட்டினேன். "இது என்ர," என்று சொன்னேன். அம்மாவும் ஓம் என்றார்.

ஓம் என்ற வாய்தான்! அந்த வருடம் தீபாவளி மலர் மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்டத்தான் பரிஸ் வந்து சேர்ந்தது. தடித்த மலர், புத்தம் புதியது, ஒருவர் கையும் படாதது. நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா கட்டிலில் சாய்ந்து அதை வாசித்துக்கொண்டிருந்தார். என் மூலைச் சுவரில் குண்டூசி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"கடை அண்ணையிட்டைப் படத்தைப் பற்றிச் சும்மா சொன்னன். ஒருக்காக் காட்டச் சொல்லிக் கேட்டார். கண்டவர் விடேல்லை. அதுக்குத்தான் முதல் வாசிப்பு தந்தவர்."

"அது என்ர படம்!"

"இந்தக் கதையை முடிச்சிட்டு வாறன், கத்தாதை."

ஊரில் ஒரு பெட்டிக் கதைகளை இழந்த மனுசிக்கு ஒரு முழு மலர் என்ன பெறுமதி என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது. அன்று நான் சாப்பிடாமல் படுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால், கல்லாவுக்கு மேலே படம் தொங்குகிறது. பொன்னிறத்தில் பிரேம். பிளாஸ்டிக் பூமாலை. வேலிக்குள் நின்ற ஒவ்வொருவர் நெற்றியிலும் கண்ணாடிக்கு மேலால் சந்தனப் பொட்டு. மேலே ஒரு சிவப்பு மின்குமிழ். கடை மாமா வருகிற போகிற எல்லோருக்கும் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

"பாருங்கோ! எங்கட முன்னோர். எங்களுக்கு எவ்வளவு காலம் முந்தியே இஞ்சை வந்து ஊர் அமைச்சு இருந்திருக்கினம். வெள்ளைக்காரன் கையை உயர்த்தி வணக்கம் சொல்லுறான், பாருங்கோ! எங்களைப் போய் வெளியில போ எண்டு இப்ப சொல்லுறாங்களே, இவங்களுக்கு என்ன தெரியும்?"

அதுதான் விஷயம். வந்த ஆண்களில் அரைவாசிப் பேருக்கு விசா இல்லை. மற்ற அரைவாசிக்கு விரைவில் முடிகிற விசா. எப்போது கூப்பிடுவார்கள், என்ன கேட்பார்கள் என்று பயந்து திரிந்தவர்கள். அவர்கள் விசா அலுவலகமான பிரெபெக்தூருக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைந்து அந்தப் பிரேமைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். சைவக்காரர் திருநீறு பூசினார்கள். எங்கள் வேதக்காரர் சிலுவை போட்டார்கள். என் அப்பாவும் போட்டார். வதிவிட அட்டை புதுப்பிக்கப் போன ஒருவருக்கு அது சுலபமாகக் கிடைத்துவிட, முன்னோர்களின் புகழ் புறநகர் கார்ஜ் வரைக்கும் பரவியது.

எனக்குப் பொறுக்கவில்லை. கடை நிறையச் சனம் இருந்த ஒரு பின்னேரம், அப்பா பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன்: "மாமா, அது வணக்கம் இல்லை. அவன் காசு எறியிறான். கீழை எழுதிக் கிடக்கு. அவையை வேலிக்கை விட்டு ரிக்கற் போட்டுக் காட்டியிருக்கினம்."

கடை மாமா சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "பிள்ளை இப்பத்தான் பிரெஞ்சு படிக்குது. பழைய பிரெஞ்சு இதுக்கு விளங்காது," என்று என் தலையைத் தடவினார். அப்பா என் காதைப் பிடித்தவர், வீட்டு வாசல் வரைக்கும் விடவில்லை. "பெரியாக்களின்ர மூஞ்சியில கரி பூச வெளிக்கிட்டியோ?" என்று ஒவ்வொரு மாடியிலும் ஒருக்கால் முறுக்கினார். அவர்களுக்கு அந்தப் பொய் எவ்வளவு தேவையாக இருந்தது என்பது இப்போது விளங்குகிறது. விளங்கினாலும் காது நொந்தது நொந்ததுதான்.

தை மாதம் பாண்டிச்சேரி ஐயா ஒருவர் கறித்தூள் வாங்க வந்தார். பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். நான் வெங்காயம் வாங்க நின்றேன்; அப்பாவும் வேறு பலரும் கடையில் இருந்தார்கள். கடை மாமா வழக்கம்போலப் படத்தைத் தட்டிக் காட்டினார். ஐயா கண்ணாடியை மாட்டி, எட்டி நின்று, எழுத்தை முழுவதும் வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மன்னிக்கணும் முசியே. இது நீங்க நினைக்கிற மாதிரி இல்லை."

"ஏன் ஐயா?"

"அந்தக் காலத்துல நம்ம பக்கத்து ஜனங்களைக் கப்பல்ல ஏத்திட்டு வந்து, இங்கே வேடிக்கை காட்டியிருக்காங்க. மிருகக்காட்சி மாதிரி வேலி கட்டி. இவன் காசு வீசுறான். சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு."

அவர் கறித்தூளை வாங்காமலே போய்விட்டார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மற்றவர்களைவிட அப்பாதான் கூடக் கத்தினார். "நான் உந்தப் படத்தைத் தொட்டுச் சிலுவை போட்டிட்டெல்லோ பிரெபெக்தூருக்குப் போனனான்! தாருங்கோ, கிழிச்செறியிறன்!" யாரோ நெருப்புப்பெட்டியை எடுத்தார்கள். நான் முன்பே சொன்னேன் என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கடை மாமா முக்காலியில் ஏறிப் படத்தைத் தானே கழற்றினார். "இஞ்சை வேண்டாம். பின்முற்றத்தில வைச்சு எரிப்பம்," என்றார்.

நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அம்மா, எரிக்கப் போயினம்!"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். மடியில் இருந்த பொத்தான்கள் சிதற எழும்பினார். தலையணைக்குக் கீழே இருந்த தீபாவளி மலரை எடுத்தார். வீட்டுச் சட்டைக்கு மேல் அப்பாவின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பிறகு கண்டதில்லை.

"இந்தாங்கோ அண்ணை உங்கட மலர். என்ர மகளின்ர படத்தைத் தாங்கோ."

"தங்கச்சி, உனக்கு விஷயம் தெரியாது. அது வெக்கங்கெட்ட படம்."

"மகள் அண்டைக்கே சொன்னவள். நான்தான் கேக்கேல்லை. தாங்கோ, ஒருக்கா வடிவாய்ப் பாப்பம்."

அம்மா பிரேமைக் கல்லாவில் வைத்துக் குனிந்தார். வாழ்நாள் முழுக்கக் கதைக்குப் போட்ட படங்களைப் பார்த்த கண். எழுத்துத் தேவைப்படவில்லை.

"மரத்தில ஒரு இலை இல்லை, பாத்தியளே. வெளியில நிக்கிறவை கழுத்து மட்டும் மூடிக் கட்டியிருக்கினம். இவளின்ர பிள்ளைக்கு மேலில ஒரு துண்டுத் துணி இல்லை. இந்தக் குளிருக்கை! ஐயோ, அந்தக் குஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்!"

"அதைத்தான் நானும் சொல்லுறன்," என்றார் அப்பா. "மானக்கேடு."

"மானக்கேடு ஆருக்கு?" அம்மா நிமிர்ந்தார். "உள்ளுக்கு நிண்டவளுக்கோ? ரிக்கற் எடுத்துக்கொண்டு பாக்க வந்தவைக்கோ? ஆரின்ர மானம் போச்சுதெண்டு இவளை எரிக்கப் போறியள்?"

கடை மாமா தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு சமாதானம் சொன்னார். "சரி தங்கச்சி. எரிக்க வேண்டாம். வெளியில நிக்கிற வெள்ளைக்காரரையும் கீழை உள்ள எழுத்தையும் வேலியையும் வெட்டிப்போடுவம். எங்கட ஆக்கள் மட்டும் இருக்கட்டும். பாக்க ஒரு ஊர் மாதிரி இருக்கும். ஆருக்கும் தெரியாது." எல்லோருக்கும் அது பிடித்தது. அம்மாகூட யோசித்தார். கத்தரிக்கோல் வந்தது. கண்ணாடி கழன்றது.

நான் படத்தின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தேன்.

"வெட்டக் கூடாது! வெட்டினால் அவை தப்பிவிடுவினம்!"

"ஆர் தப்புறது?"

"பாக்க வந்தவை!"

அப்பாவின் கண் என் காதுக்குப் போனது. அம்மா இடையில் வந்து நின்றார். கடை மாமா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இந்த இடத்தில்தான், சிரிக்கிற நண்பர்களே, உங்களுக்கு அந்த மனிதரைத் தெரியாது என்று சொல்கிறேன்.

"பிள்ளை," என்றார், "நீ அண்டைக்குச் சொல்லேக்கை சிரிச்சிட்டன். இண்டைக்குக் கேக்கிறன். உந்தப் படத்தை என்ன செய்வம்?"

ஒரு பெரிய மனுசர் என்னிடம் யோசனை கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "றோட்டுப் பக்கம் வையுங்கோ மாமா. எழுத்தோடை. எல்லாரும் வாசிக்கட்டும்."

"விசர்க்கதை! வெள்ளைக்காரரின்ர கண்ணிலை படவோ? நாளைக்குக் கடையைப் பூட்டச் சொல்லுவாங்கள்," என்றார் ஒருவர். அது சும்மா பயம் இல்லை. கடை வாடகைக் கடை, சொந்தக்காரன் வெள்ளைக்காரன். ஆனால் கடை மாமா கத்தரிக்கோலைக் கல்லா லாச்சிக்குள் போட்டுச் சாத்தினார். அன்று மாலையே படம் கடையின் முன்கண்ணாடியில், வாழைக்காய்ப் பெட்டிகளுக்கும் பால்மா ரின்களுக்கும் நடுவில், தெருவைப் பார்த்தபடி நின்றது. பொட்டை அழித்து மாலையைக் கழற்றவா என்று அவருடைய மனைவி, எங்கள் மாமி, கேட்டதற்கு, "கிடக்கட்டும். குளிருக்கை நிண்ட சீவன்கள்," என்றார்.

வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். மாலையைக் கண்டதும் முதலில் புன்னகை வரும். பழைய பிரெஞ்சுப் படமாயிற்றே என்று குனிவார்கள். எழுத்தை வாசிப்பார்கள். புன்னகை போய்விடும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கண்ணாடிக்கு உட்பக்கம் போய் நின்று அவர்களையே பார்ப்பேன். சிலர் முறைத்தார்கள். சிலர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருவன் கண்ணாடியில் தட்டி என்னவோ ஏசிவிட்டுப் போனான். நான் அசையவில்லை. கடையைப் பூட்டச் சொல்லி ஒருவரும் வரவும் இல்லை.

பங்குனியில் என்று நினைக்கிறேன், வயதுபோன பிரெஞ்சு மனுசி ஒருவர் ஊன்றுகோலோடு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார். நின்றவர் போகவில்லை. அம்மாவும் நானும் உள்ளே அரிசிக்கு நின்றோம். அந்த மனுசி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னிடம்தான் கதைத்தார்.

"என்னவாம்?" என்றார் கடை மாமா.

"இவ சின்னப் பிள்ளையா இருக்கேக்கை அங்கை போனவவாம். தகப்பன் கூட்டிக்கொண்டு போனவராம். இவவும் வேலிக்கு மேலால எறிஞ்சவவாம்."

"என்னத்தை எறிஞ்சவ?" என்று அம்மா கேட்டார்.

நான் கேட்டுச் சொன்னேன். "சீனிக்கட்டி."

மனுசியின் கண் நிறைந்திருந்தது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றார். மன்னிப்போ என்னவோ வேண்டி நின்றார். "பாவம், நடுங்குது. இருக்கச் சொல்லு, ஒரு தேத்தண்ணி வைப்பம்," என்று கடை மாமா கதிரையை இழுத்தார்.

படம் பிறகு கடை கைமாறியபோது எங்கோ போய்விட்டது. நீங்கள் சொல்கிற மாதிரித் தொலைந்துதான் போனது. ஸ்தேனில் இந்தக் கட்டத்தை மட்டும் நான் அவசரமாகச் சொன்னபோது, "உங்கட அம்மா கல்நெஞ்சுக்காரி, வயசுபோன மனுசிக்கு ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம்," என்றீர்கள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

அன்று அம்மா முன்கண்ணாடிக்குப் போய்ப் படத்தை எடுத்து வந்தார். கல்லாவில் வைத்து, அந்தப் பெண்ணின் வெறுங்காலடியில் விரலை வைத்தார். அங்கே மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சிறு கட்டிகள் கிடந்தன. நான் கிட்டப் பார்த்தேன். அதுவரை நானும் அவற்றைக் கவனித்திருக்கவில்லை.

"இஞ்சை பார். எறிஞ்சதெல்லாம் அப்பிடியே நிலத்தில கிடக்கு. அவள் குனியேல்லை. ஒண்டையும் எடுக்கேல்லை எண்டு இவவுக்குச் சொல்லு."

"தங்கச்சி, வேண்டாம், வயசுபோன மனுசி…"

"சொல்லு பிள்ளை."

நான் அந்த மனுசியின் முகத்தை நேரே பார்த்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், ஒரு சொல்லையும் விழுங்காமல், அவள் எடுக்கவில்லை என்று சொன்னேன்.